எழுநூற்று இருபது அடி அடித்த மேளம்

ஐயம்பேட்டைச் செல்லியம்மன் கோயில் பூசாரி கந்தனுக்கு ஆடி மாதத்தின் இரண்டாம் வாரத்தில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. வயசான கை இல்லை, நாற்பத்தைந்துதான் அவருக்கு. மேளம்தான் அந்தக் கையை அப்படிச் செய்துவிட்டது.

அந்தக் கோயிலில் மேளம் அடிக்க ஆள் கிடையாது, மிஷின்தான். சுவரோரம் ஓர் இரும்புச் சட்டம், அதில் ஒரு மேளம், ஒரு சேகண்டி. கார்க் கதவைப் பூட்டித் திறக்கும் சின்ன மோட்டார்கள் மூன்று, மூன்று குச்சிகளைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். தீபாராதனை நேரம் வந்ததும் மிஷின் தானே தொடங்கி, நூற்றெட்டு அடி அடித்து, தானே நிற்கும். நொடிக்கு இரண்டு அடி. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. மேளம் நிற்கிற வரைக்கும் தட்டை இறக்கக் கூடாது என்பது கந்தனுடைய கொள்கை. அவ்வளவு காலமாக அந்தக் கொள்கையால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேளம் நிற்கவில்லை. கற்பூரம் எரிந்து தீர்ந்தது. கந்தன் இடது கையால் இன்னொரு கட்டியை எடுத்துப் போட்டார். அதுவும் தீர்ந்தது. கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். ஆறு நிமிஷம் கழித்துத்தான் குச்சிகள் ஓய்ந்தன. சாயங்காலமும் அதே கதை. பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தார்கள். மறுநாளும் ஆறு நிமிஷம்.

மிஷினைச் செய்தவள் துர்காதேவி. கோயிலுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள்.

கோயில் தர்மகர்த்தா மாணிக்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம்; ஏரித் தண்ணீர் திறப்பதிலிருந்து கோயில் கொடி ஏற்றுவது வரை எல்லாம் தன் கண்முன்னால் நடக்க வேண்டும் அவருக்கு.

"துர்கா, ஞாயித்திக்கெழம கூழ் ஊத்தறோம். ஊரே வருது. அதுக்குள்ள மேளத்துக்கு புத்தி சொல்லிடுமா. கந்தன் கையி சோத்த எடுத்து வாயில வெக்கக்கூட எழமாட்டேங்குது."

"பாத்துடறேன் மாமா."

"கோயிலுக்கு பக்கத்து வூட்டு லோகாம்பா எண்ணிக்கினே இருந்துச்சாம். எழுநூத்தி இருவதுன்னு சொல்லுது."

துர்கா சிரித்துவிட்டாள். அறுநூறு எழுநூறு அடியை உட்கார்ந்து எண்ணுகிற மனசு யாருக்கு வரும்? ஆனால் லோகாம்பாள் தறியில் உட்காருகிறவள். இழையை எண்ணி எண்ணிப் பழகின காதும் கண்ணும் அவளுக்கு. காக்கா உட்கார்ந்தால்கூட எத்தனை என்று சொல்லிவிடுவாள்.

துர்கா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். முடித்த கையோடு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பதினொரு வருஷம் விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் போய் வந்தாள். ஈயத்தை உருக்கிக் கையால் சால்டர் வைக்கிற கடைசி மேஜை அவளுடையது. ஒரு நாளைக்கு அறுநூறு சர்க்யூட் போர்டு அவள் கையைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு போர்டிலும் ஓர் ஓரத்தில் நாலு ஊசி வரிசையாக நிற்க வேண்டும். அந்த நாலையும் வைக்கிறதுதான் அவள் வேலை. அந்த ஊசியில் எதுவும் சொருகி அவள் பார்த்ததே இல்லை. ஒரு நாள் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"சார், இந்த நாலு பின் எதுக்கு சார்?"

"படத்துல இருக்குது, வைக்கறோம். நீ வைம்மா."

வைத்தாள். பத்து லட்சத்துக்கு மேல் வைத்திருப்பாள். பிறகு அந்த வேலை முழுவதையும் கம்பெனி வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டது. துர்கா ஒரு சால்டர் கோலோடு வீட்டுக்கு வந்து, முன் அறையில் ஒரு மேஜை போட்டாள். கடைகளின் எடை மிஷின், தண்ணீர் டேங்க் நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் பெட்டி, எமர்ஜென்சி விளக்கு என்று எது வந்தாலும் திறந்து பார்த்தாள். செல்போனில் வீடியோ பார்த்து, சிப்புக்குள் எழுதுகிற புரோகிராமையும் கற்றுக்கொண்டாள். முதலில் விளக்கை மினுக்கினாள். பிறகு மணி அடிக்க வைத்தாள். கடைசியில் செல்லியம்மனுக்கு மேளம் செய்தாள். அந்தத் தாளம் அவள் கணவன் கலைவாணன் ஷேர் ஆட்டோ தகரத்தில் விரலால் தட்டிக் காட்டியது.

கலைவாணன் காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற ஆள் இறங்குவதற்குள் அவனுடைய மாமியார் ஊர் எது, மச்சான் வேலை என்ன என்பதெல்லாம் கலைவாணனுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாகத் தன் வீட்டுச் செய்தி அத்தனையும் சொல்லி அனுப்புவான்.

சனிக்கிழமை மத்தியானம். துர்கா மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கோயில் மிஷினில் இருக்கிற அதே மாதிரி இன்னொரு போர்டு எதிரில் கிடந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழைய லேப்டாப். கீல் உடைந்த திரை சாயாமல் இருக்க, பின்னால் ஒரு மிளகாய்த்தூள் டப்பா. இரண்டுக்கும் நடுவில் ஒரு யுஎஸ்பி ஒயரும் மூன்று சின்ன ஒயர்களும்.

அந்த வாரம்தான் அவளுக்கு அந்த நாலு ஊசி எதற்கென்று தெரிந்திருந்தது. வீடியோவில் ஒருவர் போர்டின் ஓரத்தைக் காட்டினார். ஒரு ஊசி கரண்டுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு, ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. இது சீரியல் லைன், இதன் வழியாக டீபக்கர் என்கிற, தப்பைத் தேடிப் பிடிக்கும் புரோகிராமை இணைத்தால் ஓடிக்கொண்டிருக்கிற சிப்பை நடு வழியில் நிறுத்தலாம், உன்னிடம் இப்போது என்னென்ன எண் இருக்கிறது என்று கேட்கலாம், ஒவ்வொரு அடியாக நடக்க வைக்கலாம் என்றார். துர்கா செல்போனைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவி மனுஷா, இதத்தானே கேட்டேன்!" என்று சூப்பர்வைசரைத் திட்டினாள். பத்து லட்சம் போர்டுக்குக் காது வைத்து அனுப்பியிருக்கிறாள். ஒன்றுகூடப் பேசி அவள் கேட்டதில்லை.

டீபக்கரோடு பேசத் தெரிந்த ஒரு குட்டிப் புரோகிராமை அவள் இந்தப் போர்டிலும், காலையில் கோயிலுக்குப் போய் அந்தப் போர்டிலும் ஏற்றிவிட்டாள். இப்போது ஒயரைச் சொருகி, லேப்டாப்பில் கட்டளை கொடுத்தாள். போகிற எழுத்து, வருகிற எழுத்து எல்லாவற்றையும் திரையில் காட்டச் சொல்லியிருந்தாள். போனது. எதுவும் வரவில்லை. மறுபடி கொடுத்தாள். பச்சை விளக்கு அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பதினெட்டாவது தடவை அவள் போர்டைப் பார்த்து, "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டபோது கலைவாணன் சாப்பிட வந்தான்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் ஆட்டோவில் பாடின பாட்டு, ரங்கசாமி குளத்துப் பக்கம் நின்ற லாரி, வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில் தோண்டிய பள்ளம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா, பதிலே சொல்ல மாட்டேங்குதா?"

"மூச்சு விட மாட்டேங்குதுங்க."

"எத எதுல சொருகியிருக்க?"

"எல்லாம் சரியாத்தான். அனுப்புறத அனுப்புறதுல, வாங்குறத வாங்குறதுல."

கலைவாணன் மோர்க்குழம்பைக் கலந்தபடி, "அப்ப ரெண்டு பேரு வாயும் ஒண்ணா சேந்து பேசிக்கினு இருக்குது. காது ரெண்டும் சும்மா கெடக்குது. கேக்கறது யாரு?" என்றான்.

துர்கா அவனைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். "யோவ்!" என்று கத்தினாள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவள் அவனை யோவ் என்றது அதுதான் முதல் தடவை. அவன் கையில் இருந்த அப்பளம் நொறுங்கிவிட்டது.

இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகினாள். கட்டளை கொடுத்தாள். திரை நிறையக் குப்பை எழுத்து கொட்டியது. கேள்விக்குறி, கட்டம், எந்த ஊர் எழுத்தென்றே தெரியாத வளைவுகள்.

"இன்னா சொல்லுது?"

"உளறுது. ஆனா பேசுதுங்க! பேசுது!" துர்கா நாற்காலியில் ஒரு தரம் குதித்தாள். வேகம் சரியில்லை என்று புரிந்தது. போர்டு ஒரு வேகத்தில் பேசுகிறது, லேப்டாப் வேறு வேகத்தில் கேட்கிறது. போர்டின் வேகம் நொடிக்கு ஒரு லட்சத்துப் பதினையாயிரத்து இருநூறு. லேப்டாப்பில் நானூறு குறையப் பத்தாயிரத்திலேயே விட்டு வைத்திருந்தாள். மாற்றினாள். எண்டர் தட்டினாள்.

திரையில் ஒரு கூட்டல் குறி வந்தது. ஒரே ஒரு கூட்டல் குறி. நீ சொன்னது எனக்குச் சேர்ந்தது என்பதற்கு அந்த மொழியில் அதுதான் எழுத்து. அடுத்த கணம் பச்சை விளக்கு எரிந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டது.

துர்கா மூச்சுவிடாமல் 'ஓடு' என்ற கட்டளையை அடித்தாள். விளக்கு மினுக்கியது. நிறுத்தினாள். நின்றது. ஓடு. ஓடியது. நில். நின்றது. பதினொரு வருஷம் வாய் திறக்காத சாதி, இப்போது அவள் விரல் நுனியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. சிரிப்பு வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பியது; அவளால் அடக்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். லோகாம்பாள் ஜன்னலில் தறிச் சத்தம் நின்றது.

"இன்னாடி துர்கா?"

"அக்கா, நின்னுச்சுக்கா!"

"எது?"

"லைட்டு!"

"ஐயையோ, கரண்ட் போச்சா? என் தறிக்கு மேல எரியுதே?"

"போவலக்கா. நில்லுன்னேன், நின்னுச்சு!"

உள்ளேயிருந்து கலைவாணன் கை கழுவிக்கொண்டே, "சீரியல்ல கெடச்சிடுச்சுக்கா!" என்று விளக்கம் சொன்னான்.

"எந்த சேனல்ல?" என்றாள் லோகாம்பாள்.

அன்று சாயங்காலத்துக்குள் துர்கா சீரியலில் நடிக்கப் போகிறாள் என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் செய்தி போய்விட்டது. கலைவாணன் அதை மறுக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது. வீட்டுப் போர்டு ஒழுங்காக நூற்றெட்டு எண்ணி நின்றது. எத்தனை தடவை ஓட்டினாலும் நூற்றெட்டுதான். நோய் கோயிலில் இருக்கிற போர்டுக்கு மட்டும். அங்கேயே போய்த்தான் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் லேப்டாப்பையும் மிளகாய்த்தூள் டப்பாவையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வேப்பிலைத் தோரணம், வாசலில் பெரிய பெரிய கூழ்ப் பானைகள், கருவாட்டுக் குழம்பு வாசனை. சொம்பும் தூக்குவாளியுமாகக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. மாணிக்கவேல் எதிரில் வந்தார். "சீரியல் போடணும் மாமா" என்றாள்.

"சீரியலா? நேத்தே கட்டியாச்சுமா. கோபுரத்துல பச்சை, மரத்துல செவப்பு."

"அந்த சீரியல் செட்டு இல்ல மாமா. இது மேளத்துக்கு."

"மேளத்துக்கும் லைட்டு போடறியா? போடு, போடு."

விளக்கிச் சொல்ல நேரமில்லை. மேளத்துக்குப் பக்கத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, நாலு ஊசியைத் தேடி ஒயர் சொருகினாள். இந்தத் தடவை அனுப்புவதை வாங்குவதில், வாங்குவதை அனுப்புவதில். கூட்டல் குறி வந்தது. அவள் காதுவரைக்கும் இளித்தாள்.

எங்கே நிறுத்துவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டியிருந்தது. குச்சி தோலில் பட்டிருக்கும்போது சிப்பை நிறுத்தினால், மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்து சுருள் கருகிவிடும். அதனால் அடிக்கிறதற்குச் சற்று முன்னால், குச்சி அந்தரத்தில் இருக்கும்போது நிற்கும்படி ஓர் அடையாளம் வைத்தாள். பிறகு பெட்டியில் இருக்கும் சோதனைப் பட்டனை அழுத்தினாள்.

மேளம் அடிக்கவில்லை. திரையில் 'இங்கே நிற்கிறேன்' என்று ஒரு வரி.

"எத்தனை அடி அடிக்கப் போற?" என்று அவள் டீபக்கர் மொழியில் கேட்டாள்.

720 என்றது.

"லோகாக்கா!" துர்கா போட்ட சத்தத்தில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் துடுப்பை நிறுத்தினார்கள். "எழுநூத்தி இருவதுக்கா! நீ சொன்னதேதான்!"

"பின்ன? நான் எண்ணுனா தப்புமா?" லோகாம்பாள் கூட்டத்தில் நாலு பேரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சரி, நூற்றெட்டு இருந்த இடத்தில் எழுநூற்று இருபது எங்கிருந்து வந்து உட்கார்ந்தது? சிப்புக்குள் பூஜை நேரங்கள் வரிசையாக ஆறு அறைகளில் இருக்கும். நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொரு நேரத்தையும் ஓர் எண்ணாக அவள் வைத்திருந்தாள். ஆறாவது அறைக்கு அடுத்த அறையில்தான் அடிகளின் எண்ணிக்கை. அறை அறையாகக் கேட்டாள். காலை ஆறு மணிக்கு முந்நூற்று அறுபது. அடுத்தது. அதற்கடுத்தது. ஆறும் சரியாக இருந்தன. ஏழாவது அறை, 720.

எழுநூற்று இருபது நிமிஷம் என்றால் பன்னிரண்டு மணி நேரம். நடு மத்தியானம்.

"யாராச்சும் பன்னெண்டு மணிக்குன்னு ஒரு நேரம் புதுசா போட்டீங்களா?" என்று அவள் பொதுவாகக் கேட்டாள்.

மாணிக்கவேல் தொண்டையைச் செருமினார். "நான்தாம்மா. கூழுக்கு மேளம் வேணும்ல? நீதான் பட்டன் வெச்சிருக்கியே. திங்கக்கெழம ராத்திரி அமுத்தி அமுத்தி போட்டுட்டேன். கண்ணாடிகூட போடல." கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஆறுக்குத்தான் எடம் இருக்குது மாமா. ஏழாவதா போட்டது அடுத்த ரூமுக்குள்ள போயி, அங்க இருந்த நூத்தியெட்ட வெளிய தள்ளிட்டு குந்திக்கிச்சு."

"ரூமு இல்லன்னா அது இல்லன்னு சொல்ல வேணாமா?"

அவர் சொன்னதுதான் நியாயம். ஏழாவது நேரத்தைப் போடும்போது இடமில்லை என்று தடுக்கிற வரியை அவள்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. வாரம் முழுக்க ஒரு ஊரையே ஆறு நிமிஷம் கும்பிட வைத்தது தன்னுடைய ஒரு வரி! "தப்பு என்மேலதான் மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் கந்தன் கட்டுப் போட்ட தோளோடு நின்றிருந்தார். அவரும் சிரித்துவிட்டு, சிரித்ததால் தோள் வலித்து, "அம்மா" என்றார்.

மணி பன்னிரண்டு ஆக இரண்டு நிமிஷம் இருந்தது. கூழைப் படைத்தாகிவிட்டது. இங்கேயே எண்ணிக்கையை நூற்றெட்டாக மாற்றிவிட்டு, அடையாளத்தையும் எடுத்துவிட்டால் மேளம் தானாக ஒழுங்காக அடித்துவிடும். துர்காவின் கை விசைப்பலகை மேல் போனது. அப்போது கந்தன் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"துர்காம்மா, நான் கண்ணு காட்டுனா நிறுத்த முடியுமா? இந்தக் கையி எத்தினி நேரம் தாங்கும்னு எனக்கே தெரியல."

அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றின மாத்திரத்தில் உடம்பெல்லாம் குறுகுறுத்தது. டீபக்கரில் எண்டரைச் சும்மா தட்டினால், கடைசியாகக் கொடுத்த கட்டளையையே மறுபடி செய்யும். 'ஓடு' என்ற கட்டளைக்கு அப்புறம் ஒவ்வொரு எண்டருக்கும் ஓர் அடி அடித்து, அடுத்த அடிக்கு முன்னால் நிற்கும்.

"நிறுத்தறேன் பூசாரியண்ணா," என்றாள். "இன்னிக்கி மேளம் நானே அடிக்கறேன்."

பன்னிரண்டானது. கந்தன் தட்டை எடுத்தார். ஊர் கையைக் கூப்பியது. மேளம் சும்மா இருந்தது. எல்லாத் தலையும் மெதுவாகத் தூண் பக்கம் திரும்பியது.

துர்கா 'ஓடு' என்று எழுதி எண்டரைத் தட்டினாள். டம்.

எண்டர். டம். எண்டர். சேகண்டி. எண்டர், எண்டர், எண்டர். முதல் பத்து அடி தட்டுத் தடுமாறி, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி போனது. பிறகு விரல் பிடித்துக்கொண்டது. கலைவாணன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் குந்தி, தூணில் தாளம் தட்டிக் காட்டினான். "அப்டித்தான், அப்டித்தான், இப்ப ரெண்டு!" சின்னப் பெண்கள் லேப்டாப்பைச் சுற்றி நின்று எண்டருக்கு எண்டர் குதித்தார்கள். லோகாம்பாள் உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் ஒற்றை விரலால் அம்மனுக்கு மேளம் அடிப்பதை ஐயம்பேட்டை இதற்கு முன் பார்த்ததில்லை.

கந்தன் கண் காட்டத் தயாரானபோது, லோகாம்பாள் எண்ணுவதை நிறுத்தினாள். அவள் கொண்டை அவிழ்ந்தது. கை இரண்டும் மேலே போயின. சாமி வந்துவிட்டது.

"விடாத! அடி!" என்று கத்தியது சாமி. "இன்னும் வேகமா!"

கந்தன் தட்டை இடது கைக்கு மாற்றினார். மாணிக்கவேல் ஓடி வந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். துர்கா திரையைப் பார்த்தாள். வேகமாகவா? விரலால் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சிப்பு அரை நொடி காத்திருக்கும், அப்படித்தான் எழுதியிருந்தாள். சாமி காத்திருக்குமா? இரண்டு அடிக்கு நடுவே இடது கையால் ஒரு வரி அடித்தாள். காத்திருக்கும் நேரம் ஐந்நூறு. அதை இருநூறு ஆக்கு. சிப்பு சரியென்றதும் மறுபடி 'ஓடு' அடித்தாள்.

எண்டர்எண்டர்எண்டர். மேளம் பறந்தது. ஓடுகிற வண்டியை நிறுத்தாமலே சக்கரத்தை மாற்றின மாதிரி இருந்தது அவளுக்கு. அவள் தலை தானாக ஆடியது; முடி முகத்தில் விழுந்தது; யாரோ அவள் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள். இவளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வந்தது என்னவென்று அவளுக்கே தெரியாது. வாய் விட்டுச் சிரித்துக்கொண்டே அடித்தாள்.

மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலை கொடுத்து, சாமி மலையேறியது. கந்தன் கண்ணைக் காட்டினார். இரண்டு கண்ணாலும் காட்டினார். துர்கா விரலை எடுத்தாள். மேளம் குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றது. அப்படியே விட மனசு வரவில்லை. எண்ணிக்கையைக் கடைசி அடிக்குத் தள்ளிவைத்து, 'ஓடு' என்று எழுதி எண்டர் தட்டினாள். டம்! மேளம் முறையாக முடிந்தது.

லோகாம்பாள் தூணில் சாய்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். கண் தெளிந்ததும் முதல் கேள்வியாக, "மொத்தம் எத்தினி?" என்றாள்.

தள்ளிவைப்பதற்கு முன்னால் துர்கா பார்த்திருந்தாள். "முன்னூத்தி பன்னெண்டுக்கா."

"நான் தொண்ணூத்தி நாலு வரிக்கும் எண்ணுனேன். அப்பறம்தான் ஆத்தா வந்துட்டா." சொல்லிவிட்டுக் கொண்டையை முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் துர்கா புரோகிராமைத் திருத்தினாள். அறைகளைப் பன்னிரண்டு ஆக்கினாள். பதின்மூன்றாவதாக ஒரு நேரத்தைப் போடப் பார்த்தால் 'இடம் இல்லை' என்று பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து வரும்படி செய்தாள். மாணிக்கவேல் அதைச் சோதிக்க, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதின்மூன்று நேரம் போட்டுப் பார்த்து, தடுத்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். மேளம் தினம் நூற்றெட்டு அடித்து நின்றது. கந்தனின் தோள் ஒரு வாரத்தில் சரியானது.

ஆனால் ஆடி ஞாயிறு இன்னும் மிச்சம் இருந்ததே. "அன்னிக்கி அடிச்ச மாரியே துர்கா கையால அடிக்கட்டும்" என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் அவள் ஒயரும் லேப்டாப்புமாகத் தூணடியில் உட்கார்ந்து, அன்றைக்கு மட்டும் எண்ணிக்கையை ஏற்றிவைத்தாள். ஏனாத்தூரிலிருந்து ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள் பார்க்க வந்தார்கள். எங்களுக்கும் ஒன்று, அந்தத் தட்டுகிற பட்டனோடு வேண்டும் என்றார்கள். கலைவாணன் ஏற்கெனவே ஆட்டோவில் ஐந்து ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். "ஒனக்கு இன்னா தெரியும்னு அஞ்சு பேருக்கு சொன்னே?" என்று அவள் சண்டை பிடித்தாள். மறுநாளே ஐந்து போர்டு வாங்க அவளே அவன் ஆட்டோவில் ஏறினாள்.

மூன்றாவது ஞாயிறு, இருநூறாவது அடிக்குக் கொஞ்சம் முன்னால், எண்டர் பட்டன் பிய்ந்து தெறித்தது. எங்கே போனதென்று பார்க்க நேரமில்லை. துர்கா பட்டன் இருந்த பள்ளத்துக்குள் விரலை விட்டு, அடியில் இருந்த ரப்பர் மொட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மேளம் ஓர் அடிகூடத் தவறவில்லை. மொட்டின் குளுகுளுப்பு விரலில் புதிதாக இருந்தது; பட்டனை விட இதுதான் சுகம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தீபாராதனை முடிந்து, கூழ் ஊற்றி, எல்லாரும் சொம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது கலைவாணன் பாதியில் நிறுத்தி, கன்னத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"துர்கா," என்றான், "கூழுல வெங்காயம்னு நெனச்சு கடிச்சிட்டேன்."